பாம்புப் பெட்டி வாங்கும் முன்... பதிவு, பெட்டி, வெப்பம்: தாம்பரம் வாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

"வெயிலூர்ல இருக்கோம், பாம்புக்கு ஹீட்டர் எதுக்கு சார்?" என்று ஒருவர் கேட்பார். "யூடியூப்ல பார்த்தேன், நூறு வாட்ஸ் பல்பு போடணும்னு சொல்றாங்களே?" என்பார் இன்னொருவர். இரண்டு கேள்வியும் நியாயமானதுதான். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: நம் ஊரில் வீட்டுப் பாம்புக்குக் குளிரை விட, கட்டுப்பாடு இல்லாத வெப்பம்தான் பெரிய ஆபத்து. அதற்கும் முன்னால் நிற்பது ஒரு காகித வேலை. அது முடியாமல் எவ்வளவு நல்ல பெட்டி செய்தாலும் பயனில்லை.

தாம்பரம் பகுதிக்கும் பாம்புகளுக்கும் பழைய உறவு உண்டு. இன்று கிண்டியில் இருக்கும் சென்னைப் பாம்புப் பண்ணையை ரோமுலஸ் விட்டேக்கர் முதலில் தொடங்கியது சேலையூரில்தான். 1972-ல்தான் அது கிண்டிக்கு இடம் மாறியது. நாட்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1972-ல்தான். இன்று அதே சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் அடுக்குமாடி வீடுகளில் சிலர் வெளிநாட்டுப் பாம்புகளை வளர்க்கிறார்கள். நீங்களும் அப்படி ஒருவராக இருந்தால், அல்லது அப்படி ஆசைப்பட்டால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

முதல் கேள்வி: எந்தப் பாம்பு?

பெட்டி, ஹீட்டர் பற்றிப் பேசும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வைத்திருக்கவே முடியாது. இந்திய மலைப்பாம்பு, வடகிழக்கில் வாழும் பர்மா மலைப்பாம்பு, ராஜமலைப்பாம்பு எனச் சிலர் அழைக்கும் ரெட்டிகுலேட்டட் பைத்தான் ஆகிய மூன்றும் வனஉயிரின (பாதுகாப்பு) சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

"ஏரிக்கரையில குட்டியா கிடைச்சுது, பாவம்னு எடுத்துட்டு வந்தேன்" என்பதெல்லாம் விளக்கமாக எடுபடாது. வீட்டுக்குள் வந்த சாரையையோ, தண்ணீர்ப் பாம்பையோ, மண்ணுளியையோ பிடித்துப் பெட்டியில் போட்டு வளர்க்கவும் கூடாது. பாம்பு வந்துவிட்டால் தள்ளி நின்று அது எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு, தீயணைப்புத் துறையை 101-ல் அல்லது அவசர உதவியை 112-ல் அழையுங்கள். படம் எடுக்க வேண்டுமானால் தூரத்திலிருந்து மட்டும்.

அப்படியானால் எதை வைத்திருக்கலாம்? பெரும்பாலும் பேச்சில் அடிபடுவது 'பால் பைத்தான்'. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. வளர்ந்த பெண் பாம்பு நான்கிலிருந்து ஐந்து அடி வரும். அடுத்தது தென் அமெரிக்காவின் 'போவா கன்ஸ்ட்ரிக்டர்'. இது ஆறு, எட்டு அடி வரைக்கும் வளரும், சில இன்னும் நீளும். இரண்டுக்கும் நஞ்சு இல்லை. ஆனால் இரண்டும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியவை. இன்று பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஆசையாகக் கேட்கிறது என்று வாங்கினால், அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் பாம்பு உங்கள் வீட்டில்தான் இருக்கும். இதை மட்டும் ஒரு வாரம் யோசியுங்கள்.

இரண்டாவது: பதிவு

பால் பைத்தானும் போவாவும் அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த 'சைட்ஸ்' உடன்படிக்கையின் பட்டியலில் இருப்பவை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபோது, இத்தகைய உயிரினங்கள் நம் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன. சட்டப் பிரிவு 49-எம் சொல்வது சுருக்கமாக இதுதான்: இந்த அட்டவணையில் உள்ள உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர் அதைத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும், கைமாற்றினாலும், குட்டி பிறந்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

இதற்கான விதிகளை ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2024 பிப்ரவரி 28-ல் அறிவித்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அது 2024 ஆகஸ்ட் மாதத்தோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு புதிதாகப் பெறுபவர்கள், கைக்கு வந்த முப்பது நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் போகும் இடம் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர். விண்ணப்பிக்கும் வழி 'பரிவேஷ்' இணையதளம்.

உங்கள் மொபைலிலேயே செய்துவிடலாம். இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்:

• உங்கள் அடையாளச் சான்று, முகவரிச் சான்று.
• பாம்பின் தெளிவான புகைப்படங்கள்: முழு உடல், தலை, ஏதாவது தழும்பு அல்லது தனி அடையாளம் இருந்தால் அதுவும்.
• எங்கிருந்து வந்தது என்பதற்கான ரசீது, கைமாற்று ஆவணம், இறக்குமதி அனுமதி நகல்.
• பாம்பு வைக்கப்பட்டிருக்கும் பெட்டி, அறை ஆகியவற்றின் படங்கள்.

பரிவேஷ் தளத்தில் உங்கள் பெயரில் கணக்கு தொடங்கி, படிவத்தை நிரப்பி, ஆவணங்களைப் பதிவேற்றி, கட்டணத்தைத் தளத்திலேயே செலுத்துங்கள். விண்ணப்ப எண் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "நான் பார்த்துக்கிறேன், பணம் மட்டும் ஜிபே பண்ணுங்க" என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள்.

"ரசீதே கிடையாதே, கூட்டாளி கொடுத்தான்" என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளையும் ஒரு பச்சோந்தியையும் சுங்கத் துறை கைப்பற்றியது. சிறு டப்பாக்களில் அடைத்துக் கொண்டுவரப்படும் இத்தகைய பாம்புகளில் சில கடைசியில் யாரோ ஒருவரின் வீட்டுக்கு 'கூட்டாளி கொடுத்தது' என்ற பெயரில் வந்து சேர்கின்றன. எனவே வாங்கும்போதே ஆவணம் கேளுங்கள். விற்பவர் தயங்கினால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டு, பதிவு செய்யாமல் இருந்தால் ஒளித்து வைக்க வேண்டாம். உங்கள் மாவட்ட வன அலுவலகத்தை நேரில் அணுகி நிலைமையைச் சொல்லுங்கள். மறைத்து வைத்து மாட்டிக்கொள்வதை விடத் தாமாக முன்வருவது எப்போதும் நல்லது.

மூன்றாவது: பெட்டி

பதிவு ஆயிற்று. இனி பெட்டி. எளிய கணக்கு இது: பெட்டியின் நீளம் பாம்பின் நீளத்துக்குக் குறையக் கூடாது, அகலம் அதில் பாதி. வளர்ந்த பால் பைத்தானுக்கு நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம் என்ற அளவு சரியாக இருக்கும். ஆறு அடி போவாவுக்கு ஆறு அடி நீளம், மூன்று அடி அகலம் வேண்டும். குட்டிக்குச் சின்னப் பெட்டி போதும். பெரிய பெட்டியில் விட்டால் ஒளிந்துகொள்ள இடம் இல்லாமல் மிரண்டு, சாப்பிடாமல் கிடக்கும்.

எதில் செய்வது?

மீன் தொட்டிக் கண்ணாடி: பார்க்க அழகு, கழுவச் சுலபம். ஆனால் கனம் அதிகம். மேல்பக்க வலை மூடியைச் சிறிது திறந்து வைத்தாலும் பாம்பு தூக்கித் தள்ளிவிடும். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் கண்ணாடித் தொட்டி அரை மணி நேரத்தில் அடுப்பாகிவிடும்.

பிளைவுட்: நம் ஊர்த் தச்சர் செய்து தருவார். மரைன் பிளைவுட் கேளுங்கள். உள்பக்கம் தண்ணீரில் கலக்கும் வகை பாலியூரித்தேன் பூசி, இணைப்புகளை சிலிக்கான் கொண்டு அடைத்து, குறைந்தது இரண்டு வாரம் வாசனை போகும் வரை காற்றாட வையுங்கள். முன்பக்கம் நகரும் கண்ணாடிக் கதவு, அதற்கு ஷோகேஸ் பூட்டு. வெப்பத்தை நன்றாகத் தக்கவைக்கும். ஆனால் எங்காவது பூச்சு விட்டுப்போனால் ஈரத்தில் உப்பிவிடும்.

பிவிசி தகடு: இலேசானது, ஈரம் பாதிக்காது, கழுவச் சுலபம். விலை கூடுதல். நம் ஊர் ஈரத்துக்கு இதுவே நல்ல தேர்வு.

எதில் செய்தாலும் நான்கு விஷயம் கட்டாயம். பூட்டு வேண்டும், வெறும் தாழ்ப்பாள் போதாது. பாம்பு தலையை நுழைக்க முடிந்த இடத்தில் உடலும் நுழைந்துவிடும், ஆகவே மின்கம்பி வரும் துளையைச் சுற்றிச் சிறிதும் இடைவெளி விடாதீர்கள். காற்றுத் துளைகள் இரு பக்கமும் எதிரெதிராக இருக்கட்டும். உள்ளே இரண்டு மறைவிடம், ஒன்று சூடான பக்கம், மற்றது குளிர்ந்த பக்கம். மறைவிடம் ஒன்று மட்டும் இருந்தால், அது எந்தப் பக்கம் இருக்கிறதோ அங்கேயே பாம்பு கிடக்கும். சூடு பிடிக்காவிட்டாலும் நகராது.

இன்னும் ஒரு சின்ன விஷயம், ஆனால் நம் வீடுகளில் முக்கியமானது: எறும்பும் கொசுவும். பெட்டியை ஸ்டாண்டில் வைத்து, முன்பெல்லாம் பாத்திர அலமாரிக்குச் செய்வதுபோலக் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். எறும்பு ஏறாது. கொசுவர்த்தி, செருகும் கொசு விரட்டி, கரப்பான் ஸ்பிரே எதுவும் பாம்பு இருக்கும் அறையில் வேண்டாம். ஊர்வனவற்றின் உடல் இவற்றைத் தாங்காது. வீட்டுக்குப் பூச்சி மருந்து அடிக்கும் நாளில் பாம்பை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஜன்னலுக்குக் கொசுவலையே போதும்.

நான்காவது: வெப்பம்

பாம்பு தன் உடலில் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்வதில்லை. வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சாப்பிட்டதைச் செரிக்கச் சூடான பக்கம் போகும்; போதும் என்றால் குளிர்ந்த பக்கம் வரும். எனவே பெட்டி முழுவதும் ஒரே வெப்பநிலை இருந்தால் அது தவறு. ஒரு முனை சூடு, மறுமுனை குளிர்ச்சி என்ற வித்தியாசம் இருக்க வேண்டும்.

பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 வரை. போவாவுக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். இரவில் 24 வரை குறைந்தாலும் கவலை இல்லை. 35-ஐத் தாண்டி நீடித்தால் பாம்பு தவிக்கத் தொடங்கும். அதற்கும் மேலே போய், ஒதுங்கக் குளிர்ந்த இடமும் இல்லாவிட்டால் இறந்துவிடும்.

இப்போது நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். ஜனவரியில் சென்னையின் இரவு வெப்பநிலை ஏறத்தாழ 21 டிகிரி. வீட்டுக்குள் அதைவிட இரண்டு, மூன்று டிகிரி கூடுதலாகவே இருக்கும். மே மாதத்தில் பகல் வெப்பம் சராசரியாக 37-ஐ ஒட்டி இருக்கும். மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள வீடுகளில் இரவு பத்து மணிக்கும் தளம் சூடு விடாது என்பது ராஜகீழ்ப்பாக்கத்திலும் குரோம்பேட்டையிலும் வாழும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதாவது, இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஒருவர் வீடியோவில் சொல்லும் 'நூறு வாட்ஸ் எந்நேரமும்' என்ற யோசனை 18 டிகிரி அறைக்கானது. அதை அப்படியே 33 டிகிரி அறையில் செய்தால் பாம்பை வேகவைப்பதற்குச் சமம்.

ஹீட்டர் வேண்டுமா வேண்டாமா என்றால், வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலும், ஏசி ஓடும் அறைகளிலும் தேவைப்படும். ஆனால் அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரையும் ஒரு மணி நேரம்கூட ஓட்டக் கூடாது. இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஹீட்டர்?

ஹீட் மேட்: பெட்டியின் அடியில் வெளிப்பக்கம் ஒட்டுவது. பெட்டியின் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். கண்ணாடிக்கும் பிவிசிக்கும் சரி. தடித்த பிளைவுட்டில் வெப்பம் ஏறாது, மரம்தான் சூடாகும்.

செராமிக் ஹீட்டர் அல்லது வெப்பத் தகடு: மேலிருந்து சூடு தருவது, வெளிச்சம் இல்லாதது. பிளைவுட், பிவிசி பெட்டிகளுக்கு ஏற்றது. செராமிக் ஹீட்டரைச் சுற்றிக் கம்பி வலைக் கூடு கட்டாயம். இல்லாவிட்டால் பாம்பு அதன் மேலேயே சுற்றிக்கொண்டு வெந்துபோகும்.

'ஹாட் ராக்' எனப்படும் சூடாகும் செயற்கைக் கல் வேண்டவே வேண்டாம். ஓரிடத்தில் மட்டும் அதிகமாகச் சூடாகும். பாம்பு வயிறு சுடுவதை உடனே உணர்ந்து விலகுவதில்லை. காயம் தெரியும்போது தோல் உரிந்திருக்கும். அதேபோல, உள்ளே தொங்கவிட்ட சாதாரண குண்டு பல்பும் வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டின் உணர்கம்பியைச் சூடான பக்கத்தில், பாம்பு படுக்கும் இடத்தின் மட்டத்தில், நகராதபடி பொருத்துங்கள். அது கழன்று தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தால், "குளிராக இருக்கிறது" என்று நினைத்து ஹீட்டர் விடாமல் ஓடும். தெர்மோஸ்டாட்டை மட்டும் நம்பாதீர்கள். இரு பக்கமும் தனித்தனி டிஜிட்டல் தெர்மாமீட்டர் வையுங்கள். வைஃபையில் இயங்கும் வெப்பநிலை உணர்கருவிகள் கிடைக்கின்றன. 34 டிகிரியைத் தாண்டினால் மொபைலுக்கு எச்சரிக்கை வரும்படி வைத்துவிடுங்கள். நீங்கள் சிறுசேரியில் அலுவலகத்தில் இருக்கும்போது சிட்லபாக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

மின்சாரம்: செலவும் பாதுகாப்பும்

30 வாட்ஸ் ஹீட் மேட் இடைவிடாமல் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட்தான். நூறு வாட்ஸ் செராமிக் ஹீட்டர் இடைவிடாமல் ஓடினால் 144 யூனிட். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை வைத்துப் பார்த்தால், கட்டுப்பாடில்லாத ஹீட்டர் ஒன்றே அந்தச் சலுகையைத் தின்றுவிடும். தெர்மோஸ்டாட் இருந்தால் நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி ஹீட்டர் ஓடவே ஓடாது.

ஐஎஸ்ஐ முத்திரையுள்ள மூன்று முனை பிளக், எர்த் உள்ள பாயின்ட், வீட்டின் மெயினில் ஆர்சிசிபி. இந்த மூன்றும் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஈரமும் மின்சாரமும் ஒரே பெட்டியில் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாதீர்கள். பெட்டியை விட உயரமான இடத்தில் மாட்டுங்கள்.

ஈரப்பதம் பற்றியும் ஒரு வார்த்தை. 'தினமும் தண்ணீர் தெளியுங்கள்' என்று வீடியோக்களில் சொல்வார்கள். நம் கடலோர ஊரில் பெரும்பாலான நாட்களில் அது தேவையே இல்லை. பாம்புக்கு 50 முதல் 70 சதவீதம் போதும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெட்டிக்குள் ஈரம் தேங்கினால் வயிற்றுச் செதில் அழுகும், மூச்சுக் கோளாறு வரும். மழைக் காலத்தில் தெளிப்பதை நிறுத்தி, தரையில் போட்ட காகிதத்தை அடிக்கடி மாற்றுங்கள். ஏசி அறையில் மட்டும், தோல் உரிக்கும் சமயத்தில் ஈரத் துணி வைத்த ஒரு மறைவிடம் கொடுத்தால் போதும்.

கோடையில் என்ன செய்வது?

ஏப்ரல், மே மாதங்களில் ஹீட்டரின் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். பெட்டி மேல் மாடியில் இருந்தால் கீழ்த் தளத்துக்கு, மேற்குச் சுவரிலிருந்து தள்ளி மாற்றுங்கள். உள்ளே ஒரு பெரிய தரை ஓடு, பாம்பு முழுதாக இறங்கிப் படுக்கும் அளவுக்குத் தண்ணீர்த் தொட்டி. அறை 34-ஐத் தாண்டும் நாளில் தண்ணீரை உறைய வைத்த பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றிப் பெட்டியின் வெளிப்பக்கச் சுவரோடு சேர்த்து வையுங்கள். உள்ளே போட வேண்டாம். பாம்பு வாயைத் திறந்தபடி இருந்தாலோ, தண்ணீரை விட்டு எழுந்திருக்காமல் கிடந்தாலோ சூடு தாங்கவில்லை என்று பொருள். உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றிவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

மின்தடை என்றால் மின்னகம் எண் 94987 94987. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மழை, வெள்ளம் வந்தால்?

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மாடி வரை தண்ணீர் வந்த வீடுகள் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் அருகே சாலையைக் கடந்த முதலையின் வீடியோ எல்லோர் மொபைலிலும் சுற்றியது. வெள்ள நேரத்தில் ஊருக்குள் ஒரு முதலைக்கே அவ்வளவு பீதி என்றால், உங்கள் வீட்டிலிருந்து ஆறு அடிப் பாம்பு ஒன்று நீந்தி வெளியே வந்தால் தெருவே என்ன ஆகும்? யாராவது அடித்துக் கொன்றுவிடுவார்கள். இல்லையென்றால் பயத்தில் யாராவது தண்ணீரில் விழுந்து அடிபடுவார்கள்.

அக்டோபர் தொடக்கத்திலேயே இவற்றைச் செய்துவிடுங்கள்:

• பெட்டியைத் தரையிலிருந்து மூன்று அடி உயர ஸ்டாண்டில் வையுங்கள். தாழ்வான தெருவில் வீடு இருந்தால் மாடியில்.
• தையல் உறுதியாக உள்ள பருத்தித் தலையணை உறை ஒன்று, அதை வைக்கப் பூட்டக்கூடிய மூடியுள்ள, காற்றுத் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. பாம்பை உறைக்குள் விட்டு வாயை முடிச்சிட்டு, பெட்டிக்குள் வைத்து எடுத்துச் செல்லலாம். பெட்டியின் மேல் 'உயிருள்ள பாம்பு, நஞ்சற்றது' என்றும் உங்கள் மொபைல் எண்ணையும் எழுதி ஒட்டுங்கள்.
• பதிவுச் சான்றின் பிடிஎஃப் மொபைலில் இருக்கட்டும். ஒரு நகல் குடும்பத்தில் இன்னொருவர் மொபைலிலும்.
• நிவாரண முகாமுக்குப் பாம்போடு போக முடியாது. மேட்டுப் பகுதியில் உள்ள நண்பர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.
• புயல் எச்சரிக்கை வந்ததும் உணவு கொடுப்பதை நிறுத்துங்கள். மின்சாரம் போய், சூடு இல்லாவிட்டால் உண்டது செரிக்காமல் கக்கிவிடும். வெறும் வயிற்றோடு இருக்கும் வளர்ந்த பாம்புக்கு, 24 டிகிரியில் நான்கைந்து நாள் ஹீட்டர் இல்லாமல் இருப்பது பெரிய விஷயம் இல்லை.

இனி முடியாது என்றால்?

வேலை மாறுகிறது, குழந்தை பிறக்கிறது, வீட்டு உரிமையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் எதுவாக இருந்தாலும் பாம்பை ஏரியிலோ வண்டலூர்க் காட்டிலோ விட்டுவிடாதீர்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உதாரணம் அமெரிக்காவின் ஃபுளோரிடா. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட பர்மா மலைப்பாம்புகள் அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் தப்பியும் கைவிடப்பட்டும் பெருகின. முயலும் ரக்கூனும் அங்கே பெருமளவு குறைந்துபோயின. 2017-ல் அவற்றைத் தேடிப் பிடிக்க உதவிக்கு அழைக்கப்பட்டவர்கள் நம் செங்கல்பட்டு மாவட்ட இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும். சில வாரங்களுக்குள்ளேயே பத்துக்கும் மேற்பட்ட பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நமக்குப் பெருமைதான். ஆனால் அதே வேலை பள்ளிக்கரணையில் அவர்களுக்கு வந்துவிடக் கூடாது.

பாம்பை வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வன அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். வேறு ஒருவருக்குக் கொடுப்பதானால் பரிவேஷில் கைமாற்றத்தைப் பதிவு செய்த பின்னரே கொடுங்கள்.

வாங்கும் முன் ஒரு நாள்

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கோ (செவ்வாய்க்கிழமை விடுமுறை), கிண்டிப் பாம்புப் பண்ணைக்கோ, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கோ ஒரு நாள் போய், பெரிய பாம்புகள் எவ்வளவு இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன, அவை எங்கே படுத்திருக்கின்றன என்று பாருங்கள். அந்த அளவு இடம் உங்கள் இரண்டு படுக்கையறை வீட்டில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று யோசியுங்கள். ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை செய்யும் மருத்துவர் யார் என்பதையும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம்.

சட்டென்று சரிபார்க்க:

1. நம் நாட்டு மலைப்பாம்பு இல்லை என்று உறுதியா?
2. வாங்கியதற்கான ஆவணம் கையில் இருக்கிறதா?
3. முப்பது நாட்களுக்குள் பரிவேஷ் விண்ணப்பம் போட்டாயிற்றா?
4. பெட்டிக்குப் பூட்டு, இரண்டு மறைவிடம், பெரிய தண்ணீர்த் தொட்டி?
5. தெர்மோஸ்டாட், இரண்டு தெர்மாமீட்டர், மொபைல் எச்சரிக்கை?
6. ஆறு அடிக்கு மேற்பட்ட பாம்பின் பெட்டியைத் திறக்கும்போது பெரியவர் இருவர் உடன் இருக்கிறீர்களா?
7. பாம்பைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வந்துவிட்டதா?

ஏழுக்கும் 'ஆம்' என்றால் நீங்கள் தயார். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அவசரப்பட வேண்டாம். பாம்பு பொறுமையான பிராணி; நீங்களும் ஒரு மாதம் பொறுத்து, அந்த ஒன்றைச் சரி செய்துவிட்டு வாங்குங்கள்.